ஒயிலை நாங்களே மாற்றினால் வொரன்ரி போய்விடுமா?

வன்னியில் புது வாகனம் எடுத்தவர்களிடம் ஒயில் மாற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வெளியில கை வைச்சா வொரன்ரி போயிடும் அண்ணை, கொம்பனிக்குத்தான் கொண்டு போகவேணும்." இந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதி வாகனத்துக்கே கேடு செய்கிறது. கொம்பனி தூரத்தில் இருப்பதால் போவது பிந்துகிறது. பிந்துவதால் ஒயில் கறுத்துத் தடித்துப் போகிறது. கடைசியில் எஞ்சின் பழுதாகி முகவரிடம் போய் நிற்கும்போது, உரிய நேரத்தில் ஒயில் மாற்றியதற்கு எந்த அத்தாட்சியும் கையில் இருப்பதில்லை. உத்தரவாதம் இங்கே அதிகம் பறிபோவது இந்தப் பிந்தலாலும் பதிவில்லாமையாலுந்தான். வீட்டு முற்றத்தில் சாவி பிடித்த கையால் பறிபோவது குறைவு.

தூரத்தை முதலில் கணக்கில் எடுக்கவேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போகக் கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து ஆட்கள் ஏ9 வீதிக்கு ஏறி வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போகவேண்டும். எல்லா வகை வாகனத்துக்கும் அங்கேயும் அங்கீகரிக்கப்பட்ட நிலையம் கிடையாது; சிலருக்கு அனுராதபுரம், சிலருக்குக் கொழும்பு. ஒரு சேர்விஸுக்கு ஒரு முழு நாள் போகும், அந்த நாளின் உழைப்பும் போகும். விதைப்போ அறுவடையோ நடக்கும் மாதத்தில் "இன்னும் ஆயிரம் ஓடட்டும்" என்று விடுவதை யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் எஞ்சினுக்கு அந்தக் காரணம் தெரியாது.

உத்தரவாதம் என்பது எதற்கான வாக்குறுதி? தயாரிப்பில் வந்த குறைக்கு, அதாவது பொருளின் தரத்திலோ பொருத்திய முறையிலோ இருந்த பிழைக்கு, உற்பத்தியாளர் பொறுப்பேற்பது. தேய்ந்து போகும் பொருட்கள் அதற்குள் வருவதில்லை. பிரேக் பாட், வைப்பர் றப்பர், கிளச் தட்டு, பில்டர்கள், பல்புகள் ஆகியவற்றை நீங்கள் மாற்றினாலும் கொம்பனி மாற்றினாலும் காசு உங்களுடையதுதான். ரயருக்கும் பற்றரிக்கும் பெரும்பாலும் தனியான, குறுகிய உத்தரவாதம் இருக்கும். ஆக, வீட்டில் ஒருவர் தானாகச் செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பங்கு உத்தரவாதம் தொடாத பகுதியிலேயே இருக்கிறது. வைப்பரை மாற்றியவருக்குக் கியர்பொக்ஸ் உத்தரவாதத்தை மறுக்க யாராலும் நியாயம் காட்ட முடியாது.

இன்னொன்று, உங்கள் வாகனத்துக்கு முதலில் உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டும் இருந்ததையே விற்று வாங்கினோம். வன்னி வீதிகளில் ஓடும் கார்களிலும் வான்களிலும் நிறைய யப்பானில் ஓடி இங்கே வந்தவை. அதிலும் பல இங்கே இரண்டு மூன்று கை மாறியவை. யப்பானில் அந்த வாகனத்துக்கு இருந்த உற்பத்தியாளர் உத்தரவாதம் கப்பலேறி வருவதில்லை. இங்கே விற்றவர் எழுதித் தந்தது எதுவோ அதுதான் உங்கள் உத்தரவாதம். அவர் எழுதித் தரவில்லையென்றால் இழக்க ஒன்றுமில்லை. பத்து வருடப் பழைய வாகனம் வைத்திருப்பவர்கூட "வொரன்ரி போயிடும்" என்று பயந்து எயார் பில்டரைத் திறந்து பார்க்காமல் விடுவதைக் காணும்போது மனம் பொறுப்பதில்லை.

புதிதாக முகவரிடம் எடுத்தவர்களுக்குத்தான் கேள்வி உண்மையில் எழுகிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் காணொளிகளை அனுப்பி, "நீங்களே செய்யலாம், சட்டப்படி அவங்கள் மறுக்க ஏலாது" என்று சொல்வதுண்டு. அந்தக் காணொளிகளில் பலவும் பேசுவது அமெரிக்காவின் மக்னுசன்-மொஸ் உத்தரவாதச் சட்டத்தைப் பற்றி. 1975இல் வந்த அந்தச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பெயருடைய உதிரிப்பாகத்தையோ குறிப்பிட்ட சேவை நிலையத்தையோ பாவித்தால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை போட முடியாது. அவற்றை இலவசமாகத் தந்தால் அது வேறு. நீங்கள் செய்த வேலையால்தான் அந்தப் பழுது வந்தது என்று காட்டினால் மட்டுமே மறுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் போட்டிச் சட்ட விதிகள் சுயாதீனக் கராஜ்களுக்கு இதேபோன்ற இடம் கொடுக்கின்றன. இந்தியாவில் 2014இல் போட்டி ஆணையம் 14 கார்க் கொம்பனிகளுக்கு 2,544 கோடி இந்திய ரூபாய் அபராதம் விதித்தபோது, வெளிக் கராஜுக்குப் போனால் முழு உத்தரவாதமும் ரத்து என்ற நிபந்தனையையும் கண்டித்தது. அந்த வழக்கு மேன்முறையீடுகளுக்குப் போனது தனிக் கதை. நமக்கு நெருக்கமான செய்தி அது, ஏனென்றால் வன்னியில் ஓடும் சிறு லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் பெரும்பாலும் இந்தியத் தயாரிப்புகள்.

ஆனால் அந்தச் சட்டங்கள் எதுவும் ஓமந்தையில் செல்லாது. இங்கே உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் உத்தரவாதப் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான், அது ஒப்பந்தம். அதற்கு அடியில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் நிற்கின்றன. விற்ற பொருள் தரத்தோடு இருக்கவேண்டும், கொடுத்த உத்தரவாதத்துக்கு விற்றவர் கட்டுப்படவேண்டும் என்பவை அவற்றிலிருந்து வரும் பாதுகாப்பு. "வீட்டில் ஒயில் மாற்றலாம்" என்று அவை நேராகச் சொல்லித் தருவதில்லை. எனவே அமெரிக்கக் காணொளியை நம்பிப் பொனற்றைத் திறப்பதற்கு முன் புத்தகத்தைத் திறக்கவேண்டும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், வீட்டில் படிக்கிற பிள்ளையை வைத்தாவது வாசித்துவிடுங்கள்.

அதில் தேடவேண்டிய வரிகள் இரண்டு வகை. ஒன்று, "குறித்த இடைவெளியில், குறித்த தரத்திலான எண்ணெயும் பாகமும் பாவித்துப் பராமரிக்கவேண்டும்" என்று வரும். அப்படியென்றால் யார் செய்கிறார் என்பது முக்கியமில்லை, செய்ததற்கான ஆதாரந்தான் முக்கியம். மற்றது, "எல்லாச் சேர்விஸும் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் செய்யப்படவேண்டும்" என்று வரும். அந்த வரி இருந்தால், அட்டவணையில் உள்ள சேர்விஸைத் தவறவிடாமல் அங்கேயே செய்துகொள்வதுதான் புத்தி. குறிப்பாகத் தொடக்கத்தில் தரும் இலவசச் சேர்விஸ்களை ஒருபோதும் விடவேண்டாம். கூலி இல்லாமல் செய்து தருவதோடு, உங்கள் பெயரில் கொம்பனியின் கணினியில் பதிவும் ஏறுகிறது.

இரண்டாவது வகை வரி இருந்தாலும் உங்கள் கைக்கு வேலை இருக்கிறது. பலர் வாசிக்காமல் விடும் ஒரு பக்கம் பெரும்பாலான கையேடுகளில் உண்டு: கடினப் பாவனைக்கான அட்டவணை. புழுதி வீதி, தார் போடாத வீதி, கடும் வெக்கை, அடிக்கடி குறுகிய ஓட்டம், நெடுநேரம் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுதல், பாரம் ஏற்றுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அந்த அட்டவணைதான் உங்களுக்கு. அதில் ஒயில் மாற்றும் இடைவெளி பெரும்பாலும் பாதியாகக் குறையும். 10,000 கிலோமீற்றர் 5,000 ஆகும். இப்போது வன்னியை நினைத்துப் பாருங்கள். ஏ9, மாங்குளம்-முல்லைத்தீவு வீதி, பரந்தன்-முல்லைத்தீவு வீதி ஆகியவற்றைவிட்டு உள்ளே இறங்கினால் கிரவல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முன்னால் போகிற வாகனமே தெரியாத புழுதி. வீட்டிலிருந்து வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் சின்னச் சின்ன ஓட்டம். கையேடு கடினப் பாவனை என்று எதைச் சொல்கிறதோ அதுதான் நமது அன்றாடம்.

இதன் பொருள் என்னவென்றால், கொம்பனி ஸ்டிக்கரில் எழுதிய 10,000ஐ மட்டும் பார்த்து ஓடுபவர், தன் உத்தரவாதப் புத்தகத்தின்படியே சேர்விஸ் தவறவிட்டவர் ஆகலாம். இடையில் 5,000இல் ஒரு தடவை நீங்களோ உங்கள் ஊர் மெக்கானிக்கோ ஒயிலும் பில்டரும் மாற்றி, பற்றுச்சீட்டோடு பதிந்து வைத்தால், அது உத்தரவாதத்துக்கு எதிராகப் போகாது. உங்கள் பக்கச் சாட்சியாக நிற்கும். கொம்பனியின் அட்டவணையைக் கொம்பனியில், இடைப்பட்டதை வீட்டில் என்ற இந்த ஒழுங்கைத்தான் தூரத்தில் இருக்கும் எங்களுக்கு மிகப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். தொடங்குமுன் முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் பதிலை வட்சப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒயில் மாற்றுவதில் பிழை விடக்கூடிய இடங்கள் சிலதான், ஆனால் ஒவ்வொன்றும் விலை கூடியது. முதலாவது தரம். பழைய வாகனங்களுக்கு 20டபிள்யூ-50 ஊற்றிப் பழகிய கை, புது எஞ்சினுக்கும் "வெக்கைக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லது" என்று அதையே ஊற்றும். இன்றைய சிறு எஞ்சின்கள் பலவும், ஹைபிரிட்கள் பெரும்பாலும், 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலுக்காகச் செய்யப்பட்டவை. எண்ணெய் போகும் வழிகளும் இடைவெளிகளும் அதற்கேற்ற அளவில் இருக்கின்றன. கையேட்டில் சொன்ன எண்ணிலிருந்து விலகுவதுதான் முகவருக்கு நீங்கள் கையில் கொடுக்கும் முதற் காரணம். இரண்டாவது, போலி. முத்திரை உடையாத கலன், பெயர் தெரிந்த கடை, பொருளின் பெயரும் தரமும் எழுதிய பற்றுச்சீட்டு, இந்த மூன்றும் இல்லாமல் வாங்கவேண்டாம். மூன்றாவது, அளவு. கூட ஊற்றுவதும் கேடுதான். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கின் மேற்கோட்டைத் தாண்டினால் ஒயில் நுரைத்துப்போகும். வடிகால் நட்டின் வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள், நட்டை மூச்சுப் பிடித்து இறுக்கவேண்டாம், பில்டரின் றப்பர் வளையத்தில் சிறிது புது ஒயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஓட்டத்தில் ஒயில் பீறிடும்.

ஜாக் வைத்துத் தூக்கும்போது எங்கள் மணல் நிலத்தை நம்பவே கூடாது. கீழே தடித்த பலகை வேண்டும், தாங்கு கட்டை வேண்டும். ஜாக்கில் மட்டும் நிற்கும் வாகனத்துக்குக் கீழே தலையை விடக்கூடாது.

புழுதிக்கு முதலில் பலியாவது எயார் பில்டர். திறக்க இரண்டு மூன்று கிளிப்தான். கோடையில் மாதம் ஒருமுறை பார்க்கலாம். கடதாசி பில்டரைக் கொம்பிரசர் காற்றால் கிழியும்படி ஊதவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், அடைத்துப் போனால் மாற்றிவிடுங்கள். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தையும் பார்க்கவேண்டும். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீற்றுப் பக்கத்துத் துவாரத்தால்தான் உள்ளே போகிறது. அந்த வாயில் புழுதி அடைந்தால், அல்லது அதன்மேல் அரிசி மூட்டையோ பையோ கிடந்தால், பற்றரி சூடேறி ஆயுள் குறையும். இருபத்தெட்டு மொடியூல் கொண்ட பிரியஸ் பற்றரியில் ஒன்று கெட்டாலே எச்சரிக்கை விளக்கு எரியும். துவாரத்தைத் துடைப்பது, அதில் வலைப் பில்டர் இருந்தால் எடுத்துத் தட்டுவது யாரும் செய்யக்கூடிய வேலை. அதற்கப்பால் செம்மஞ்சள் நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான வோல்ற் அளவில் ஓடும் மின்சாரம் அது, ஆளைக் கொல்லும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் விடயத்தில் வன்னிக்கென்றே ஓர் எச்சரிக்கை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர், சுண்ணாம்பும் கூட. கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அவசரத்துக்கு ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் விட்டு வீடு வந்து சேரலாம். ஆனால் பிறகு அதை முழுதாக வடித்து, சரியான கூலன்ற் ஊற்றவேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கக்கூடாது, பச்சையும் சிவப்பும் கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். கூலன்ற் நஞ்சு, இனிப்புச் சுவையும் கொண்டது. வடித்ததை நாயோ பிள்ளையோ நக்கும்படி விட்டுவிடக்கூடாது.

வன்னி ஆட்களுக்கு வாகனத்தில் கை வைக்கப் பயம் எப்படி வந்தது என்பதே எனக்கு வியப்பு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காதபோது, ஒரு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டியவர்கள் நாங்கள். உதிரிப்பாகம் வராத காலத்தில் கடைச்சல் பட்டறையில் செய்துபோட்டு உழவு இயந்திரங்களை ஓடவைத்த மெக்கானிக்குகள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அந்தத் திறமை பெரிய சொத்து. அதே காலத்தின் ஒரு பழக்கத்தை மட்டும் கைவிடவேண்டும்: எரிபொருளில் கலப்பது. காபரேற்றர் எஞ்சின் மண்ணெண்ணெயைச் சகித்தது. இன்றைய பெற்றோல் எஞ்சின் அதனால் தட்டத் தொடங்கும், சென்சர்கள் கெடும். கொமன்றெயில் டீசல் எஞ்சினின் பம்ப் டீசலின் வழவழப்பில்தான் உயிர் வாழ்கிறது. ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தில் ஓடும் அந்தப் பம்புக்குள் மண்ணெண்ணெய் போனால் உலோகம் உராய்ந்து தூளாகும். எடுத்துச் சோதித்தால் கலப்படம் தெரிந்துவிடும், உத்தரவாதமும் அத்தோடு முடியும். ஒயிலை வீட்டில் மாற்றியதற்காக யாரும் இவ்வளவு உறுதியாக உங்களை மறுக்க முடியாது.

உண்மையில் உத்தரவாதத்தை வெட்டும் வேலைகள் வேறு. சவுண்ட் செற், பொக் லைற், அலாரம் பூட்டுவதற்காக வயரை அறுத்து ஒட்டுவது முதலிடம்; பிறகு எந்த மின்பழுது வந்தாலும் அந்த ஒட்டைத்தான் காட்டுவார்கள். ஸ்பிறிங் வெட்டி இறக்குவது, பெரிய ரயர் போடுவது, மீற்றரைத் திருப்புவது, வெள்ளத்துக்குள் இறக்குவது எல்லாம் அதே பட்டியல். அறுவடைக் காலத்தில் டிமோ பட்டா சிறு லொறியில் அதன் தாங்கும் அளவைத் தாண்டி நெல் மூட்டை அடுக்குவதும் அப்படித்தான். மாரியில் தண்ணீருக்குள் நின்ற வாகனத்தை ஸ்ராட் பண்ணிப் பார்க்கவேண்டாம். டிப்ஸ்ரிக்கில் ஒயில் பால்போல் இருந்தால் இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். வாடகைக்கு ஓடும் வான் என்றால் புத்தகத்தில் வணிகப் பாவனைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். மூன்று ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது என்று இருந்தால், கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு வழியே 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவருக்குக் காலத்துக்கு முன்பே கிலோமீற்றர் முடிந்துவிடும்.

எயார்பாக், பிரேக் குழாய், ஏசி வாயு, சிவிடி கியர்பொக்ஸ் ஒயில், ஊசிப் பம்ப் ஆகியவற்றை உத்தரவாதக் காலத்தில் வீட்டில் தொடவேண்டாம். போனில் இணைக்கும் சிறு ஸ்கானர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதில் பிழைக் குறியீட்டை வாசிக்கலாம், படம் எடுக்கலாம், ஆனால் அழிக்கவேண்டாம். எஞ்சின் விளக்கு எரிந்த நேரத்து விபரங்களும் அந்தக் குறியீட்டோடுதான் கிடக்கின்றன; அழித்துவிட்டுப் போனால் உங்கள் முறைப்பாட்டுக்கான சாட்சியை நீங்களே அழித்ததாகும்.

பதிவுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு உறை போதும். திகதி, மீற்றர் வாசிப்பு, ஒயிலின் பெயரும் தரமும், எத்தனை லீற்றர், பில்டரின் பாக இலக்கம், செய்தவர் பெயர். பற்றுச்சீட்டை உறைக்குள் போடுங்கள். வெப்பக் கடதாசியில் அடித்த பில் எங்கள் வெயிலுக்குச் சில மாதத்தில் வெளுத்துவிடும், அதனால் போனில் படம் எடுத்து வையுங்கள். மீற்றரையும், ஒயில் கலனின் லேபலையும் அதே நேரத்தில் படம் எடுத்தால் திகதி தானாகப் பதியும். ஊர்க் கராஜில் செய்வித்தால் முத்திரை குத்திய துண்டு கேளுங்கள். தர மறுக்கும் கராஜில் உத்தரவாத வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

கழித்த ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையான் பிடிக்காமல் பூசும் பழக்கம் ஊரில் இருக்கிறது. மாரி மழை அதைக் கழுவிக் குடிக்கிற கிணற்றுக்குத்தான் கொண்டுபோகும். பழைய கலனில் மூடிச் சேர்த்து, கழிவொயில் எடுக்கும் கராஜிலோ சேர்விஸ் ஸ்ரேசனிலோ கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் முகவர் மறுத்தால், கவுண்டரில் நின்று வாய்த்தர்க்கம் செய்து பயனில்லை. எந்தப் பாகம் பழுது, என்ன காரணத்தால் என்று முடிவு செய்தார்கள், புத்தகத்தின் எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தரச்சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியோடேயே பேச்சின் தொனி மாறும், ஏனென்றால் "வெளியில செய்தனீங்கள்" என்பதை மட்டும் காரணமாக எழுதுவது அவர்களுக்கு எளிதில்லை. உங்கள் வேலைக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு என்பதையும் எழுதச்சொல்லுங்கள். கழற்றிய பழுதான பாகத்தை உங்களிடம் தரச்சொல்லுங்கள், அல்லது முடிவு வரும்வரை எறியாமல் வைத்திருக்கும்படி எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் நாள் கடத்தாமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். அதன் அவசர இலக்கம் 1977. மறுப்புக் கடிதம், உத்தரவாதப் புத்தகம், கொப்பியின் பிரதி, பற்றுச்சீட்டுகளின் படங்கள் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.